‘எங்கேயாவது பதிவாகுமா?’ – தாதிமை மாணவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி

“நான் கவுன்சலரைப் போய்ப் பார்த்தா அது எங்கயாவது பதிவாகுமாடி? பின்னாடி வேலைக்கு அப்ளை பண்ணும்போது வெளியே வருமா?”

தாதிமை படிக்கும் என் உயர்நிலைப் பள்ளித் தோழி சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் பல்கலைக்கழகத்தில் தொடர்புத் துறை படிக்கிறேன். மருத்துவமும் தெரியாது, சட்டமும் தெரியாது. இருந்தாலும், நான்கு ஆண்டுகள் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள் கேட்டதால் தேடத் தொடங்கினேன். அவளுக்குச் சொன்ன பதிலைவிட, தேடும்போது தெரிய வந்தவை அதிகம். அவளுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மருத்துவமனைப் பணிப்பயிற்சியில் இருந்தபோது, அவள் ஒரு வாரமாகக் கவனித்துவந்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். அவள் பார்த்த முதல் மரணம் அது. அதன்பிறகு தூக்கம் போனது. ஓர் இரவு இன்ஸ்டகிராமில், நெருங்கிய நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி, மூன்று வரி எழுதினாள். மூன்று நாளாய்த் தூங்கவில்லை, கை நடுங்குகிறது, நாளைக்கு மறுபடியும் வார்டுக்குப் போகவேண்டும் என்று. படம் இல்லை, மருத்துவமனையின் பெயர் இல்லை, நோயாளியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் 14 பேர். அவர்களில் யாரோ ஒருவர் அதை ஸ்கிரீன்‌ஷாட் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, பயிற்சியை மேற்பார்வையிட்டவர் மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவளிடம் கேட்டார்: “இப்படி இருந்தா நோயாளிகளை உன்னை நம்பி எப்படி விடுறது?”

தண்டனை எதுவும் இல்லை. எழுத்துபூர்வமாகவும் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி முடியும்வரை மருந்து கொடுக்கும் சுற்றில் அவளைச் சேர்க்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. பள்ளி ஆலோசகரைப் பார்க்க எடுத்திருந்த நேரத்தை அவள் ரத்து செய்தாள். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

மேற்பார்வையாளரின் கவலையை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. தூங்காமல், கை நடுங்கும் ஒருவர் ஊசி மருந்தை அளந்தால் ஆபத்து உண்டு. “இன்றைக்கு உன்னால் முடியுமா?” என்று கேட்பது அவர் கடமை. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கலாம். காய்ச்சலோடு வந்த மாணவரை யாரும் சபையில் நிறுத்தி, உன்னை எப்படி நம்புவது என்று கேட்பதில்லை. வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்கிறார்கள். மனம் சோர்ந்தவருக்கு மட்டும் கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. நோயாளியைப் பற்றி ஊடகத்தில் எழுதுவது ஒன்று. தன்னைப் பற்றித் தானே எழுதுவது இன்னொன்று. தாதிமைப் பள்ளிகளில் சமூக ஊடகம் என்று பேச்செடுத்தாலே முதலாவதைப் பற்றித்தான் பாடம் நடக்கும். இரண்டாவதைச் செய்தவரும் அதே எச்சரிக்கையின்கீழ் வந்துவிடுகிறார்.

முதலாவதில் எனக்கு இரு கருத்து இல்லை. நோயாளியின் பெயரைச் சொல்லவில்லையே என்பது சிங்கப்பூர் போன்ற சிறிய ஊரில் சாக்காகாது. “நேத்து டேக்கா மார்க்கெட்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்ச ஒரு பாட்டி எங்க வார்டுக்கு வந்தாங்க, பாவம்” என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெயர் இல்லை, வயது இல்லை. ஆனால் பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கும் பாதிப் பேருக்கு மாலைக்குள் அந்தப் பாட்டி யாரென்று தெரிந்துவிடும். இடம், நாள், என்ன நடந்தது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதுவே அடையாள அட்டை. எந்தக் குழுவில் போட்டாலும் அது வெளியே போகும் என்பதற்கு என் தோழியின் மூன்று வரிகளே சாட்சி.

மருத்துவத் தகவல் வெளியே போனால் என்ன ஆகும் என்பதை நம் தலைமுறை நேரடியாகப் பார்த்திருக்கிறது. 2018ல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவியவர்கள் 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்களைத் திருடினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், எச்ஐவி கிருமி தொற்றிய 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. முதல் சம்பவத்தைக் கேட்டு மக்கள் எரிச்சலடைந்தார்கள். இரண்டாவதைக் கேட்டுப் பயந்தார்கள். சில நோய்களின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை, திருமணம், உறவு எல்லாம் ஆட்டம் காணும் என்று எல்லாருக்கும் தெரியும். மனநோயும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஆனால் எது நோயாளியின் தகவல், எது தாதியின் சொந்தப் பேச்சு என்று எப்போதும் எளிதாகப் பிரித்துவிட முடிவதில்லை. வெளிநாட்டு நீதிமன்றங்களே இதில் திணறியிருக்கின்றன.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், ஜான்சன் கவுண்டி சமூகக் கல்லூரியின் தாதிமை மாணவியர் நால்வர் 2010 நவம்பரில் ஆய்வகப் பாடத்தின்போது நஞ்சுக்கொடியுடன் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கல்லூரி அவர்களை நீக்கியது. ஒருவர் வழக்குப் போட்டார். அந்தப் படத்தில் தாய் யாரென்று காட்டும் எதுவும் இல்லை. 2011 ஜனவரியில் நீதிபதி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். மினசோட்டாவில் நடந்தது வேறு. சென்ட்ரல் லேக்ஸ் கல்லூரி மாணவர் ஒருவர் வகுப்புத் தோழர்கள்மீது உள்ள கோபத்தை ஃபேஸ்புக்கில் கொட்டினார். அவற்றில் மிரட்டல் தொனியும் இருந்தது. 2012ல் தாதிமைப் படிப்பிலிருந்து நீக்கப்பட்டார். 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது, ஒருமனதாக அல்ல. இந்த மாணவர்களின் பெயர்கள் நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன. மறைவு பற்றிய கட்டுரையில் அவற்றை மறுபடி அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருவர் பெயரை மட்டும் சொல்கிறேன், அவரே பொதுவெளியில் நின்று போராடியவர் என்பதால். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தைச் சேர்ந்த தாதி கேரலின் ஸ்ட்ரோம். அவருடைய தாத்தா ஒரு பராமரிப்பு இல்லத்தில் இறந்தார். 2015ல் மகப்பேற்று விடுப்பில் இருந்தபோது, தாத்தாவின் இறுதி நாள்களில் அங்கு கிடைத்த பராமரிப்பைப் பற்றிக் குறையும் நிறையும் கலந்து ஃபேஸ்புக்கில் எழுதினார். தாதியர் சங்கத்தின் ஒழுங்கு விசாரணை அதைத் தொழில்நெறி மீறல் என்றது. 1,000 கனடிய வெள்ளி அபராதம், விசாரணைச் செலவுக்கு 25,000 வெள்ளி. அவர் விடவில்லை. 2020 அக்டோபரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. தாதி என்பதற்காக ஒருவர் பேத்தியாக இருப்பதை நிறுத்திவிட வேண்டுமா? அந்த வழக்கில் எனக்குப் பட்ட கேள்வி இதுதான்.

இனி இரண்டாவது விஷயம். தன் மனநிலையைத் தானே சொல்வது.

நம் குடும்பங்களில் இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று யோசித்தபோது லிட்டில் இந்தியாவின் பழைய வரைபடம்தான் கண்ணில் பட்டது. சிங்கப்பூரின் முதல் மனநோய் மருத்துவமனை 1841ல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் 30 படுக்கைகளுடன் கட்டப்பட்டது. அடுத்து 1860களில் அது இன்றைய கேகே மருத்துவமனைக்கு அருகில், கண்டாங் கர்பாவுக்கு வந்தது. கண்டாங் கர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். நம்மவர்கள் மாடு வளர்த்துப் பால் கறந்த அதே வட்டாரம். 1887ல் அது காலேஜ் ரோட்டுக்கும், 1928ல் இயோ சூ காங் சாலைக்கும் போனது. 1951ல் அருகில் இருந்த மரப்பாலத்தை வைத்து உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். 1993ல் புவாங்கோக்கிற்கு மாறி மனநலக் கழகம் ஆனது.

பழைய பெயர் அசிங்கமாகிவிட்டது என்று புதுப் பெயர் வைப்பார்கள். கேலி அடுத்த பெயருக்குத் தாவிவிடும். உட்பிரிட்ஜ் என்பதே அழகான சொல். ஆனால் நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில், அந்த மருத்துவமனை இடம் மாறி இருபது ஆண்டுகள் ஆன பிறகும், “உன்ன உட்பிரிட்ஜ்லதான் சேர்க்கணும்” என்பது வகுப்பில் சர்வசாதாரணமான வசவு. அங்கே வேலை செய்யும் தாதியரும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்கள்.

வீட்டில் இதற்கு வேறு உருவம். என் தோழியின் அம்மா கெட்டவர் இல்லை. மகள் தூங்காமல் இருப்பதைக் கண்டு சீராகமும் ஓமமும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தவர். ஆலோசகர் என்றதும் அவர் சொன்னது: “வேணாம்மா. உங்க பெரியம்மா காதுக்குப் போனா ஊரே பேசும். நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கணும்ல?” தாதியாகப் போகிறவள் மனநல உதவி தேடினால் இரட்டை அவமானம். மற்றவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கே இப்படியா என்று கேட்பார்களாம்.

ஆனால் எண்கள் வேறு சொல்கின்றன. மனநலக் கழகம் 2024ல் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வில், 15 முதல் 35 வயது வரையிலான சிங்கப்பூர்வாசிகளில் 30.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர், கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம் அல்லது மனவுளைச்சல் அறிகுறிகள் இருப்பதாகக் கூறியிருந்தார்கள். முப்பது பேர் கொண்ட ஒரு தாதிமை வகுப்பு மட்டும் இந்தக் கணக்கிலிருந்து எப்படித் தப்பும்?

தாதிமைக்கும் மனநலத்துக்கும் இடையிலான இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது இங்கிலாந்துக்குப் போய் நின்றேன். 1991ல் கிரந்தம் நகர மருத்துவமனையில் பெவர்லி ஆலிட் என்ற தாதி நான்கு குழந்தைகளைக் கொன்றார். நாடே அதிர்ந்தது. இதை விசாரித்த கிளோத்தியர் குழு 1994ல் அறிக்கை தந்தது. தாதிமைக்கு வருபவர்களைச் சலித்தெடுக்க அது சொன்ன எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று, ஆலோசனைச் சேவையை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உதவி கேட்டவரைச் சந்தேகப்படு என்கிறது அது. உதவி கேட்காமல் மறைத்தவர் அந்தச் சல்லடையில் சிக்கவே மாட்டார்.

அதன்பிறகு, மனநோய் வரலாறு உள்ள எத்தனையோ பேருக்குத் தாதிமைக் கதவு கடினமானது. 2007ல் அந்நாட்டின் உடற்குறையுள்ளோர் உரிமை ஆணையம், தாதியர், ஆசிரியர், சமூக ஊழியர் ஆகியோருக்கு விதிக்கப்பட்ட பொதுவான உடல்நல, மனநலத் தகுதி விதிகளை நீக்கச் சொன்னது. நோயாளிகளை அந்த விதிகள் காப்பாற்றவில்லை, உண்மையை மறைக்கத்தான் பழக்குகின்றன என்பது அதன் வாதத்தின் சாரம். 2010ல் வந்த சமத்துவச் சட்டம், வேலை கொடுப்பதாகச் சொல்வதற்கு முன்பே உடல்நலம் பற்றிக் கேட்பதைப் பெரும்பாலும் தடுத்தது.

நம் ஊரில் மாற்றம் கொஞ்சம் பிந்தி வந்தாலும் வந்திருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றமல்ல. அதே ஆண்டுத் தொடக்கத்தில், வேலை விண்ணப்பதாரரிடம் மனநலப் பிரச்சினை உண்டா என்று படிவத்தில் கேட்பது நியாயமற்றது என்று வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி தெளிவுபடுத்தியது. அது வழிகாட்டிதான். 2025 ஜனவரி 8ஆம் தேதி நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் அதற்குப் பல் வைத்தது. வயது, இனம், சமயம் போன்றவற்றோடு உடற்குறையும் மனநலப் பிரச்சினையும் அதில் பாதுகாக்கப்பட்ட பண்புகள். வேலைக்கு எடுப்பதிலிருந்து நீக்குவதுவரை அவற்றைக் காரணமாகக் காட்ட முடியாது. வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகுதி என்றால் விலக்கு உண்டு. தொடக்கத்தில் 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. சட்டம் 2027ல் நடப்புக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

ஆனால் இது வேலையைப் பற்றிய சட்டம். ஒரு படிப்பில் சேர்வதும், மருத்துவமனைப் பணிப்பயிற்சியில் மதிப்பெண் வாங்குவதும் இதன் எல்லைக்குள் வருவதில்லை. தாதிமை மாணவர் வார்டில் எட்டு மணி நேரம் நின்று, படுக்கை மாற்றி, இரத்த அழுத்தம் பார்த்து, சாப்பாடு ஊட்டினாலும் அவர் ஊழியர் அல்லர், மாணவர். என் தோழி நின்றுகொண்டிருந்தது சரியாக அந்த இடைவெளியில். எல்லாரும் அவளை ஊழியரைப்போல் நடத்தினார்கள், பாதுகாப்பு என்று வரும்போது மட்டும் அவள் மாணவி.

அவள் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதிலின் ஒரு பகுதி இது. தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டை நோயாளியின் சிகிச்சைக்காக மட்டுமே பார்க்கலாம். வேலைக்கு ஒருவர் பொருத்தமா என்று அறியவோ காப்புறுதிக்காகவோ அதைத் திறக்கக் கூடாது. ஆகவே பலதுந்தைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. தாதியாகப் பதிவுசெய்யும்போது, பணியைப் பாதுகாப்பாகச் செய்ய உடலும் மனமும் இடங்கொடுக்கின்றனவா என்ற கேள்வி எழக்கூடும். எந்த நாட்டிலும் அது உண்டு. அங்கே பொய் சொல்லச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தரமாட்டேன். ஆனால் “இந்த வேலையை என்னால் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா” என்பதும் “எனக்கு எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறதா” என்பதும் வேறு வேறு. சிகிச்சை எடுத்துக்கொண்டு நன்றாக இருப்பவர் முதல் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

பள்ளி ஆலோசகர் விஷயத்தில் ஒரே வழி, முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்பது. குறிப்புகளை யார் பார்ப்பார்கள், துறைத் தலைவருக்குப் போகுமா, 21 வயதாகாதவர் என்றால் பெற்றோருக்குச் சொல்வீர்களா, எந்தச் சூழலில் இரகசியத்தை மீறுவீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகர் பேசாமல் இருக்க முடியாது, அது எங்கும் பொது. மற்றவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்கவேண்டும். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஓர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஆறு ஆண்டுகளாகத் தாதியாக இருப்பவர். எங்கள் புளோக்கில் வாடகைக்கு இருக்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்தார். “உங்களுக்காவது கேக்குறதுக்கு ஆள் இருக்கும்மா. எங்களுக்கு மனசு சரியில்லன்னா ஊருக்கு போன் போட்டு அழுதுட்டு அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பிடுவோம். டாக்டர்கிட்ட போனா பாஸ் புதுப்பிக்கும்போது ஏதாவது ஆயிடுமோன்னு பயம்.” அது நியாயமான பயமா என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரிடமாவது கேட்கவும் பயம்.

அவர் படித்துவந்த நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவலைக் காக்கும் கடமையை மருத்துவப் பணியாளர்கள்மீது சுமத்துகிறது. அவருடைய படத்தையோ தகவலையோ சம்மதமின்றி ஊடகத்துக்குத் தருவதையும் தடை செய்கிறது. அக்காவுக்கு அந்தச் சட்டம் தெரியும், நோயாளிக்கு உரியது என்று. தனக்கும் அது பொருந்தும் என்று தோன்றியதே இல்லையாம்.

தாதிமைப் பள்ளிகளின் கையேடுகளில் சமூக ஊடகத்துக்கு ஒரு பகுதி தவறாமல் இருக்கும். சீருடையுடன் படம் போடாதே, வார்டில் கைப்பேசி எடுக்காதே. எல்லாம் சரி. அதற்கு அடுத்த பக்கத்தில் இன்னும் சில வரிகள் வேண்டும் என்று நினைக்கிறேன். பணிப்பயிற்சியின்போது ஒரு மாணவருக்கு மனநிலை சரியில்லை என்றால் அவர் யாரிடம் சொல்லவேண்டும், சொன்னதை யார் யார் அறிவார்கள், பயிற்சியைத் தள்ளிவைத்தால் மதிப்பெண் என்ன ஆகும், வகுப்புத் தோழரின் சொந்தப் பதிவைப் பரப்பியவருக்கு என்ன நடக்கும். கடைசிக் கேள்விக்கு என் தோழியின் வகுப்பில் இன்றுவரை பதில் இல்லை. ஸ்கிரீன்‌ஷாட் எடுத்தவர் யாரென்று யாரும் விசாரிக்கவே இல்லை.

பேச ஆள் தேவைப்பட்டால், தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1771. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767. மனநலக் கழகத்தின் 24 மணி நேரத் தொலைபேசி 6389 2222.